நாள் சம்பளம் வேண்டாம், முதலாளி

புறக்கோட்டைக் கடை முதலாளிமார் அனைவருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும். கெய்சர் வீதியில் பாதிக் கடைக்குள் ஒன்றைச் சொல்லியும் மீதிக் கடைக்குள் மற்றதைச் சொல்லியும்தான் இத்தனை வருசமும் நுழைந்திருக்கிறேன். அதனால் இரண்டையும் போட்டுவிட்டேன்.

என்னை உங்களில் சிலருக்குத் தெரியும். பத்து வருசத்துக்கு முன்னால் தெரிந்தவர்கள் என்னைக் கண்டதும் லாச்சியை இழுத்து மூடுவார்கள். இப்போது தெரிந்தவர்கள் லஞ்ச் சீட் என்ன விலை என்று கேட்பார்கள். பதினொரு வருசம் குடு, அதாவது ஹெரோயின், அடித்தவன் நான். பிறகு கொழும்புக்கு வெளியே ஒரு மறுவாழ்வு இல்லத்தில் 14 மாதம் இருந்தேன். 2022இல், பெற்றோலுக்கும் காஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற நாட்களில், வெளியே வந்தேன். பெயர் போடவில்லை. தங்கச்சிக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான் காரணம்.

இந்த மடலை எழுத வைத்தது ஒரு பொடியன். 26 வயது, ஜம்பட்டா வீதிப் பக்கம் வீடு. நான் இருந்த அதே இல்லத்தில் இருந்துவிட்டு வந்து ஒன்பதாவது நாள் என்னைத் தேடி வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்புறை, அதற்குள் புனர்வாழ்வு முடித்ததற்கான கடிதம், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் கடிதம். வேலை வேண்டும் என்றான். சாப்பாட்டு நேரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு நாலு கடை ஏறி இறங்கினேன். இரண்டு கடையில் கடிதத்தைப் பார்த்ததும் முகம் மாறியது. மூன்றாவது கடையில் பெருநாள் முடிந்து வரச் சொன்னார்கள். நாலாவது கடை முதலாளி நல்ல மனுசன். கடிதத்தை வாங்கியும் பார்க்கவில்லை. "நாளைக்கே வரட்டும். சாமான் இறக்கட்டும். பின்னேரம் ஆறு மணிக்குக் காசைக் கையில வச்சிருவன். பேர் கீர் ஒண்டும் எழுதத் தேவையில்ல" என்றார்.

பொடியனின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஏன் என்று அவரிடம் அந்த இடத்தில் சொல்ல வாய் வரவில்லை. உதவி செய்ய வந்தவரிடம் குறை சொல்வது போல் ஆகிவிடும். ஆகவே இங்கே சொல்கிறேன்.

வெளியே வந்த முதல் கிழமை எனக்கும் இதே வேலைதான் கிடைத்தது. நான்காம் குறுக்குத் தெருவில் லொறியிலிருந்து மூட்டை இறக்கும் வேலை. நாட்டாமிமாரோடு சேர்ந்து பகல் முழுக்க வெங்காயமும் பருப்பும் சுமப்பேன். பகலில் ஒரு பிரச்சினையும் இல்லை. முதுகு முறிகிற அளவுக்கு மூட்டை இருந்தால் வேறு நினைப்பே வராது. ஆறு மணிக்கு முதலாளி 2,000 ரூபாயை எண்ணிக் கையில் வைப்பார். அப்போது தொடங்கும். வாயில் எச்சில் ஊறும். வயிறு ஒரு பக்கமாகப் பிசையும், உடனே கக்கூசுக்குப் போக வேண்டும் போல இருக்கும். குடு அடித்தவனுக்கு இது நன்றாகத் தெரியும், சாமான் கைக்கு வரப்போகிறது என்றால் உடம்பு இப்படித்தான் தயாராகும். இல்லத்தில் ஆலோசகர் பவ்லோவின் நாயைப் பற்றிச் சொல்லித் தந்தார். மணிச் சத்தத்துக்கு எச்சில் விட்ட நாய். எனக்கு அந்த மணி, பின்னேரம் ஆறு மணிக்குக் கையில் விழும் காசு. பதினொரு வருசம் அந்தக் காசுக்கு ஒரே அர்த்தம்தான் இருந்தது. 14 மாதம் நான் காசையே தொடவில்லை. அதனால் நான் மாறிவிட்டேனா என்று யாரும் சோதித்துப் பார்க்கவும் இல்லை, எனக்கும் தெரியவில்லை.

பதினெட்டு நாள் நேரே வீட்டுக்கு நடந்தேன். கெய்சர் வீதியால் போய், செட்டியார் தெருவில் ஏறி, கொச்சிக்கடை அந்தோனியாரைக் கும்பிட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்கு. பத்தொன்பதாம் நாள் கால் வேறு பக்கம் திரும்பியது.

பழைய அளவில் பாதிதான் எடுத்தேன், கெட்டித்தனமாம். 14 மாதம் தொடாத உடம்புக்கு அந்தப் பாதியே கூடிப்போனது. எங்கள் ஆட்களில் பலர் போய்ச் சேர்வது அடித்துக்கொண்டிருந்த காலத்தில் இல்லை, விட்டுவிட்டு வந்த முதல் வாரங்களில்தான். பழகிப்போயிருந்த உடம்பு பழக்கத்தை மறந்திருக்கும், கை மட்டும் பழைய கணக்கையே அளக்கும். என்னைக் குளியலறையில் கண்டது அக்கா. கதவை உடைத்திருக்கிறார்கள். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு விருப்பம் இல்லை.

அப்புறம் இப்போது இருக்கும் கடை. பேக்கிங் சாமான் கடை: லஞ்ச் சீட், ஷொப்பிங் பேக், சாப்பாட்டுப் பெட்டி, ஸ்ட்ரோ, ரிப்பன். முதலாளி மனம் இரங்கி என்னை எடுத்தார் என்று நினைக்காதீர்கள். என் அக்கா அவர் வீட்டில் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுப்பவர், தட்ட முடியவில்லை. அவர் செய்த பெரிய உபகாரம்கூடத் தெரியாமல் செய்ததுதான். தொழில் திணைக்களத்திலிருந்து ஆட்கள் வந்து புத்தகங்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்த நேரம் அது. பயத்தில் எல்லாருடைய பெயரையும் பதிவில் ஏற்றிக்கொண்டிருந்தார், அதோடு என் பெயரும் ஏறியது. சம்பளம் கையில் கிடையாது, மாதக் கடைசியில் பேங்குக்கு வரும். எனக்குக் கணக்கே இல்லை. அவர் ஏசி ஏசி ஒரு கணக்குத் திறக்க வைத்தார். முதல் ஆறு மாதம் பேங்க் கார்ட் அக்காவிடம் இருந்தது. காலையில் பஸ்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் எண்ணித் தருவா. முப்பத்துமூன்று வயது ஆம்பிளைக்கு அக்கா சில்லறை எண்ணித் தருவதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஆறு மணிக்கு என் கையில் காசு இல்லை. ஆறு மணி வந்தது, ஷட்டரை இழுத்தேன், ஆறு மணி போனது. என்னைக் காப்பாற்றியது எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். இல்லமும் ஆலோசகரும் அந்தோனியாரும் அதற்குப் பிறகுதான் வருவார்கள்.

முதல் சம்பளச் சீட்டை இன்னமும் வைத்திருக்கிறேன். ஊழியர் சேமலாப நிதிக்கு என்னிடமிருந்து நூற்றுக்கு 8, முதலாளியிடமிருந்து 12, நம்பிக்கை நிதிக்கு இன்னொரு 3. உங்களுக்கு அந்த 15 வீதம் வீண் செலவு. புறக்கோட்டையில் பாதிப் பேர் அதைத் தவிர்க்கத்தான் பெயர் எழுதாமல் நாள் கூலி கொடுக்கிறீர்கள், தெரியாதா என்ன. ஆனால் எனக்கு 55 வயது வரும்போது ஒரு காசு வரும் என்று யாரோ ஒரு கிளார்க் எழுதி வைத்திருக்கிறார். 55 வயது வரை நான் உயிரோடு இருப்பேன் என்று அதுவரை யாரும் எழுதி வைத்ததில்லை.

அலுமினியத் தாள் கதையையும் சொல்லிவிடுகிறேன். குடுவை எப்படி அடிப்பார்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளித் தாளில் வைத்துக் கீழே சூடு காட்டி, புகையை இழுப்பது. நான் சேர்ந்த கடையின் பின்னறையில் கூரை வரைக்கும் அலுமினியத் தாள் உருளைகள். கொத்துக் கடைகளுக்கும் கேட்டரிங்காரருக்கும் எங்களிடமிருந்துதான் போகிறது. முதல் நாளே என்னை அங்கேதான் விட்டார், எண்ணிச் சொல்லச் சொல்லி. உருளையைத் தொடக்கூட வேண்டாம், முன்னால் ஒருவர் வாடிக்கையாளருக்குக் காட்ட ஒரு முழம் கிழிக்கும் சத்தம் கேட்டாலே எனக்குக் கழுத்து வேர்க்கும். இரண்டு நாள் பல்லைக் கடித்தேன். மூன்றாம் நாள் முதலாளியிடம் போய், "முதலாளி, எனக்கு இந்தப் பக்கம் வேண்டாம்" என்றேன். ஏன் என்றார். சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார், உருளைகளை ஒரு பார்வை பார்த்தார். "இந்தச் சாமானுக்கு இப்பிடியும் ஒரு வேலையா" என்றார். பிறகு, "சரி, லஞ்ச் சீட் பக்கம் நில்லு" என்று சொல்லிவிட்டு ஃபோனை எடுத்துக்கொண்டு போய்விட்டார். உபதேசம் ஒன்றும் இல்லை. ஏழு மாதம் கழித்து நானாகக் கேட்டு அந்தப் பக்கம் போனேன். இன்றைக்கு அந்தத் தாளை அளந்து வெட்டுவது நான்தான்.

இந்த மடலை ஏன் எங்களுக்கு எழுதுகிறாய், அரசாங்கத்துக்கு எழுது என்று சொல்வீர்கள். நியாயம்தான். அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை 1984 முதல் இருக்கிறது. கட்டாய சிகிச்சைக்கு நீதிமன்றம் அனுப்பலாம் என்று 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1927க்கு ஃபோன் எடுத்தால் ஆலோசனை சொல்வார்கள். அவர்களிடம் கேட்கவும் எனக்குக் குறைகள் உண்டு. நான் இருந்த இல்லத்தில் காலைக் கூட்டம், வகுப்பு, ஆலோசனை எல்லாம் சிங்களத்தில். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், புறக்கோட்டையில் வளர்ந்தவனுக்கு வராமல் இருக்குமா. பேரம் பேச வரும், சண்டை பிடிக்க வரும். ஆனால் அப்பா செத்த அன்றைக்கு நான் எங்கே இருந்தேன் என்பதைச் சொல்லச் சொன்னபோது ஒரு வசனம்கூட வாயில் வரவில்லை. எட்டாம் மாதம் மட்டக்களப்பிலிருந்து ஒரு தமிழ் அண்ணன் வந்து சேர்ந்தார். அன்றிரவு கிணற்றடியில் அவரிடம்தான் முதல் முதலாகச் சொன்னேன். அவர் ஆலோசகர் இல்லை, என்னைப் போல ஒரு குடுகாரர். அந்தக் குறையை உரிய இடத்துக்குத் தனியாக எழுதுவேன். ஆனால் பின்னேரம் ஆறு மணி எந்தச் சபையின் கையிலும் இல்லை. அது உங்கள் கல்லாவில் இருக்கிறது.

உங்கள் பயம் எனக்குத் தெரியும். புனர்வாழ்வு என்றாலே உங்களுக்குக் கந்தகாடு புனர்வாழ்வு முகாம்தான் ஞாபகம் வரும். 2020இல் கொரோனா கொத்தணி, 2022 ஜூனில் நூற்றுக்கணக்கில் தப்பி ஓடியது, எல்லாம் டீவியில் பார்த்தீர்கள். நான் இருந்தது அங்கே இல்லை, ஆனாலும் அந்தச் செய்திக்குப் பிறகு என் கடிதத்தை நீட்டினால் முதலில் கேட்பது "கந்தகாடா?" என்றுதான்.

களவு எடுப்பான் என்ற பயத்தை நான் பொய் என்று சொல்ல மாட்டேன். நான் எடுத்திருக்கிறேன். மூன்றாம் குறுக்குத் தெருவில் முன்பு வேலை செய்த ஒரு புடவைக் கடையில் ஒரு கட்டுச் சாரனைத் தூக்கிக்கொண்டு போய் விற்றேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருசம் அந்தக் கடைக்குப் போய், விலையைக் கணக்குப் போட்டு 24,000 ரூபாயை மேசையில் வைத்தேன். பழைய முதலாளி காசைத் தொடவில்லை. "அந்தக் கணக்க நான் அப்பவே நட்டத்தில எழுதி மூடிட்டன். இப்ப இத எந்தப் புத்தகத்தில எழுதுறது?" என்று உண்மையாகவே குழம்பினார். பிறகு எடுத்து இரண்டு தரம் எண்ணினார். 1,500 ரூபாயைத் திருப்பித் தள்ளி, "அந்த நேரம் சாரன் இந்த விலை இல்ல தம்பி" என்றார். மன்னித்தாரா என்று தெரியாது. கணக்குச் சரி.

ஆகவே எங்கள் ஆள் ஒருவனை எடுத்தால் முதல் நாளே சாவியைக் கொடுத்து "உன்னை நம்புறன்" என்று சொல்லாதீர்கள். அது அவன் தலையில் மூட்டை ஏற்றுவது. வசூலுக்குத் தனியே அனுப்பாதீர்கள், கல்லாவில் உட்கார வைக்காதீர்கள். அவன் கோபித்துக்கொள்ள மாட்டான், உள்ளுக்குள் நிம்மதிப்படுவான். என்னைப் பேங்குக்கு அனுப்பியது பதினான்காம் மாதம். அன்றைக்கு வழக்கமாகப் போகிறவருக்குக் காய்ச்சல். முதலாளி பையைத் தூக்கி மேசையில் வைத்து "ரெண்டு மணிக்குள்ள போட்டுட்டு வா" என்றார். ஒரு லட்சத்து எண்பத்தையாயிரம். பேங்க் வரைக்கும் நான் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்த பிடியில், என்னைத்தான் யாரோ கொள்ளையடிக்கப் போகிறார்கள் என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள். திரும்பி வந்து சிலிப்பைக் கொடுத்தேன். அவர் சிலிப்பைப் பார்த்தார், தொகை சரி, ஃபைலில் குத்தினார்.

விழுந்தால் என்ன செய்வது என்றும் கேட்பீர்கள். விழலாம். அமெரிக்காவின் போதைப்பொருள் பாவனைக்கான தேசிய நிறுவனம் சொல்லும் கணக்கில், சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 40 முதல் 60 பேர் ஒரு கட்டத்தில் திரும்பவும் தொடுகிறார்கள். பிரஷர்காரரும் ஆஸ்துமாக்காரரும் மருந்தை விட்டுவிட்டுத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவதும் அதே அளவில்தான் நடக்கிறதாம். உங்களில் எத்தனை பேருக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, எத்தனை பேர் கலியாண வீட்டில் வட்டிலப்பம் சாப்பிடுகிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆள் விழுந்துவிட்டான் என்று தெரிந்தால் முதலில் வீட்டுக்குச் சொல்லுங்கள். வேலையை விட்டு நிறுத்துவதா இல்லையா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் பின்னறையில் தூங்குவது போல் கிடந்து, தட்டி எழுப்பியும் எழும்பாமல், மூச்சு விட்டு விட்டு வந்து, உதடு நீலம் பாய்ந்திருந்தால், "குடுகாரன் மயங்கிக் கிடக்கிறான், தெளிந்ததும் எழும்புவான்" என்று விட்டுவிடாதீர்கள். ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்து 1990க்கு எடுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ், காசு இல்லை.

பொலிஸைப் பற்றி ஒரு சொல். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான யுக்திய நடவடிக்கை தொடங்கியபோது பழைய பெயர்களைத் தேடி வீடு வீடாக வந்தார்கள். என் வீட்டுக்கும் வந்தார்கள். நான் விட்டு ஒன்றரை வருசம் ஆகியிருந்தது, பெயர் மட்டும் அவர்கள் கையிலிருந்த தாளில் அப்படியே இருந்தது. கடைக்கு ஃபோன் எடுத்தேன். முதலாளி எனக்காக ஒன்றும் வாதாடவில்லை, வரவுப் புத்தகத்தைக் கொண்டு வந்து விரித்துக் காட்டினார். எட்டு மணிக்கு உள்ளே, ஆறரைக்கு வெளியே, பக்கம் பக்கமாக என் கையெழுத்து. அத்தோடு போய்விட்டார்கள். பெயர் எழுதாத நாள் கூலிக்காரன் என்றால் எதைக் காட்டுவது?

பெண்களைப் பற்றி நான் எழுதவில்லை. வெளியே வரும் பெண்ணுக்கு நாலு கடை ஏறி இறங்கும் வழிகூடக் கிடையாது. அதை ஒரு பெண் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

சர்வதேச தொழில் தாபனம் 1996இலேயே இதற்கு ஒரு நடைமுறைக் கோவை போட்டிருக்கிறது, சிகிச்சை பெற்ற தொழிலாளியை ஒதுக்கக்கூடாது என்று. இதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். நானே வாசித்துவிட்டுச் சிரித்தேன், ஜெனீவாவில் லொறி இறக்குகிறவர்களுக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்களோ. அதனால் கோவையை விடுங்கள். நான் கேட்பது சின்னது. பெயரைப் புத்தகத்தில் எழுதுங்கள். சம்பளத்தைப் பேங்கில் போடுங்கள், மாதமாக முடியாவிட்டால் கிழமைக்கு ஒரு தரம் போடுங்கள், நாள் காசை மட்டும் கையில் வைக்காதீர்கள். புதன்கிழமைகளில் ஆறு மணிக்கு விடுங்கள், எங்களுக்குக் கூட்டம் இருக்கிறது. என்ன கூட்டம் என்று மற்றப் பொடியன்மாருக்கு முன்னால் கேட்காதீர்கள்.

நாலாவது கடை முதலாளி இதை வாசித்தால் கோபிக்க வேண்டாம். உங்கள் வேலையை வேண்டாம் என்று சொல்லவில்லை. சம்பளத்தைத் தரும் விதத்தை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்கத்தான் திரும்ப வருவதாக இருந்தேன், தைரியம் வரவில்லை. பொடியன் நல்லாய்ச் சுமப்பான். சிங்களம், தமிழ் இரண்டும் எழுதுவான், அது எனக்கே வராது. வீட்டில் கார்டை வாங்கி வைத்திருக்க அம்மா இருக்கிறா, நான் பேசிவிட்டேன்.

இந்தக் கிழமை முழுக்க அவன் பின்னேரம் ஐந்தரைக்கு எங்கள் கடைக்கு வருகிறான். சம்பளம் இல்லை. பெட்டிகளை உள்ளே எடுத்து வைப்பான், கூட்டுவான், என்னோடு சேர்ந்து ஷட்டரை இழுப்பான். பிறகு இரண்டு பேரும் ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு கொச்சிக்கடை வரைக்கும் ஒன்றாக நடப்போம். பின்னேரத்துக்கு இடம் இருக்கிறது. அவனுக்குத் தேடுவது பகலுக்கு ஒரு கடை. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு முதல் யாராவது ஒருவர் சொன்னால், சனிக்கிழமை காலையே அவனைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

இப்படிக்கு,
கெய்சர் வீதியில் அலுமினியத் தாள் வெட்டுகிறவன்